பச்சை மையில் எழுதிய வரவுகள்: கிண்டியில் ஒரு பந்தய நாளின் நிகழ்வு ஆய்வு

2016 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸில் ஒருவர் ஏழு பந்தயங்களுக்குத் தன்னை எப்படித் தயார் செய்துகொண்டார், எதில் எவ்வளவு கட்டினார், அதன் பின் என்ன ஆயிற்று என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவருடைய ஒப்புதலுடன்தான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கியிருக்கிறேன். குதிரைகள், ஜாக்கிகளின் பெயர்களையும் அதே காரணத்துக்காகவே தரவில்லை. வங்கித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பந்தயம் கட்டும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று என் வேலை ஒவ்வொரு ரூபாயையும் எழுதிக்கொள்வது மட்டுமே.

பின்னணி

அவருக்கு அப்போது 61 வயது. ஒரு மொத்த வியாபாரக் கடையில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர். வைப்புத்தொகை வட்டியும் ஒரு சிறிய வீட்டு வாடகையுமாக மாதம் 22,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. இளவயது முதல் கிண்டிக்குப் போய்வருபவர்; குடிப்பழக்கமோ வேறு கடனோ கிடையாது. இரண்டு லட்சம் ரூபாய் வைப்புத்தொகை ஒன்று முதிர்வுக்கு முன்பே உடைக்கப்பட்டிருப்பதை அவருடைய மனைவி தற்செயலாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். கணவரிடம் நான் பேசியபோது அவர் கோபப்படவில்லை. “என் கணிப்பு சரியாகத்தான் இருக்கிறது, கணக்குதான் எங்கேயோ இடிக்கிறது, நீங்களே பாருங்கள்” என்று சொல்லித் தன் நோட்டைக் கொடுத்தார்.

மூன்று சீசன்களின் கணக்கு அந்த நோட்டில் இருந்தது. ஜெயித்த பந்தயங்கள் பச்சை மையில் தேதி, தூரம், எடை, கிடைத்த தொகை என்று முழு விவரத்தோடு எழுதப்பட்டிருந்தன. தோற்றவை நீல மையில், பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லாக, “போச்சு” என்று மட்டும் இருந்தன. எவ்வளவு போனது என்று எங்குமே இல்லை. முந்தைய சீசனில் அவருக்கு ஜாக்பாட்டில், அதாவது அடுத்தடுத்த பல பந்தயங்களில் ஜெயிக்கும் குதிரைகளை ஒரே சீட்டில் சொல்லும் பந்தயத்தில், 38,000 ரூபாய் விழுந்திருந்தது. அதில் 30 சதவீதம் வருமான வரியாகப் பிடிக்கப்பட்டு அவர் கைக்கு வந்தது 26,600 ரூபாய்தான். பச்சை மையில் இருந்ததோ 38,000. பந்தய வெற்றிக்கான வருமான வரியில், மற்ற நாட்களில் தோற்ற பணத்தைக் கழித்துக்கொள்ள வழியில்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. வாழ்நாள் முழுவதும் பிறருடைய வரவு செலவைப் பைசா பிசகாமல் எழுதிய ஒருவர் தன் கணக்கை மட்டும் இப்படி எழுதியிருந்தது என்னை வருத்தியது. அவரை நான் குறைவாக மதிப்பிடவில்லை, ஆனால் ஆய்வை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அந்தப் பக்கங்களைப் பார்த்ததும் தெளிவாயிற்று.

பேச்சினிடையே அவர் அடிக்கடி சுட்டிக்காட்டியது 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை. குதிரைப் பந்தயத்தைத் தடை செய்யத் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்தின் மீதான வழக்கில், இது வெறும் அதிர்ஷ்டத்தை நம்பிய சூது அல்ல, திறமையே மேலோங்கிய விளையாட்டு என்று மூன்று நீதிபதிகள் அமர்வு கூறியது. தீர்ப்பை அவர் சரியாகத்தான் நினைவில் வைத்திருந்தார். ஆனால் குதிரையைக் கணிக்கும் திறமையும் பணம் கட்டும் திறமையும் வேறு வேறானவை. அன்றைய நாள் எனக்கும் கற்றுத்தந்தது அதையே.

முந்தைய மாலையின் தயாரிப்பு

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ரேஸ் புத்தகத்தோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவர் ஒன்பது மணிக்குத்தான் எழுந்தார். இந்தியாவில் ஹேண்டிகாப் பந்தயங்களில் ஒவ்வொரு குதிரைக்கும் அதன் முந்தைய ஓட்டங்களைக் கொண்டு ஒரு ரேட்டிங் தரப்படுகிறது. ஒரு புள்ளிக்கு அரை கிலோ என்ற கணக்கில் அது சுமக்கும் எடை தீர்மானமாகிறது. நல்ல குதிரைக்குக் கூடுதல் சுமையும் சுமாரான குதிரைக்குக் குறைந்த சுமையும் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவருவதே இதன் நோக்கம். எனவே எந்தக் குதிரை சிறந்தது என்ற கேள்விக்கு இங்கே பயன் குறைவு. ரேட்டிங் சொல்வதைவிட இன்று நன்றாக ஓடக்கூடிய குதிரை எது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் அவர் காட்டிய கவனம் உண்மையிலேயே உயர்ந்தது. மூன்றாம் பந்தயம், ரேட்டிங்கைக் கொண்டு பிரிக்கும் வகுப்புகளில் நான்காம் வகுப்புக் குதிரைகளுக்கான 1200 மீட்டர். அதில் அவர் தேர்ந்தெடுத்த ஐந்து வயதுக் குதிரையின் ரேட்டிங் 44, சுமை 60 கிலோ. போட்டியாகத் தெரிந்த இன்னொன்றின் ரேட்டிங் 34, சுமை 55 கிலோ. சுமை கூடுதலாயிற்றே என்று நான் கேட்டபோது அவர் கடைசி ஓட்டத்தை விரித்துச் சொன்னார்: அது மூன்றாம் வகுப்பில் 1400 மீட்டர் ஓடியது, வளைவில் வெளிப்புறமாகத் தள்ளப்பட்டுக் கூடுதல் தூரம் ஓட நேர்ந்தது, அப்படியும் நான்கு குதிரை நீளம்தான் பின்தங்கியது, இப்போது ஒரு வகுப்பு கீழே, தனக்கு ஏற்ற தூரத்துக்கு வந்திருக்கிறது, அந்த வாரக் காலைப் பயிற்சியில் 600 மீட்டரை அதிகம் விரட்டப்படாமலேயே 38 விநாடியில் கடந்ததாகச் செய்தித்தாளில் வந்திருக்கிறது, அதே ஜாக்கி மீண்டும் ஏறுகிறார். குறுந்தூரப் பந்தயத்தில் ஒரு நீளம் என்பது ஒன்று முதல் ஒன்றரை கிலோ வித்தியாசத்துக்குச் சமம் என்ற அனுபவக் கணக்கையும் இதோடு சேர்த்துப் பார்த்தார்.

ஏழு பந்தயங்களில் மூன்றாவதையும் ஐந்தாவதையும் “உறுதி” என்றும், நான்காவதையும் ஆறாவதையும் “பார்க்கலாம்” என்றும், ஒன்று, இரண்டு, ஏழு ஆகியவற்றை “வேண்டாம்” என்றும் குறித்தார். இரண்டாவது பந்தயத்தை விலக்கியதற்கு அதில் முதன்முறை ஓடும் குதிரைகள் பல இருந்ததே காரணம். ஏழாவதில் எந்தக் குதிரையுமே ஒரு சீராக ஓடியிருக்கவில்லை. “உறுதி”க்குத் தலா 600, நான்காவதற்கு 400, ஆறாவதற்கு 300, ஜாக்பாட்டுக்கு 240, ஆக 2,140 ரூபாய் என்று தொகைகளையும் எழுதினார். எது நடந்தாலும் மொத்தம் 3,000 ரூபாய்க்கு மேல் கட்டுவதில்லை என்று மனைவி முன்னிலையில் சொன்னார்.

நான் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். தேர்ந்தெடுத்த ஒவ்வொரு குதிரையும் இதே பந்தயத்தில் நூறு முறை ஓடினால் எத்தனை முறை ஜெயிக்கும் என்று, விலை (ஜெயித்தால் பத்து ரூபாய்க்குத் திரும்பும் தொகை) எதையும் பார்ப்பதற்கு முன்பே எழுதித் தாருங்கள் என்றேன். முதலில் தயங்கினார், இத்தனை ஆண்டுகளில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. பிறகு மூன்றாவதற்கு 35, நான்காவதற்கு 18, ஐந்தாவதற்கு 30, ஆறாவதற்கு 15 என்று எழுதினார். இந்த நான்கு எண்களே பின்னர் இந்த ஆய்வின் முதுகெலும்பாயின.

மைதானத்தில்: முதல் மூன்று பந்தயங்கள்

அவருடைய அக்கா மகனும் எங்களுடன் வந்திருந்தான். முதல் பந்தயம் “வேண்டாம்” பட்டியலில் இருந்தது. ஆனால் பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடக் அருகே நின்ற பழைய சிநேகிதர் ஒருவர் லாயத்திலிருந்தே வந்த தகவல் என்று காதில் ஏதோ சொல்ல, 200 ரூபாய் கட்டினார். அந்தக் குதிரை முதல் ஐந்துக்குள்ளும் வரவில்லை. இரண்டாவதில் கட்டாமல் இருந்தார். அன்று அவர் தன் குறிப்பை முழுமையாக மதித்த “வேண்டாம்” பந்தயம் அது ஒன்றுதான்.

மூன்றாவது பந்தயத்துக்கு இருபது நிமிடம் முன்பு டோட் (எல்லோரும் கட்டும் பணத்தைத் திரட்டி ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கும் முறை) பலகையில் அவருடைய குதிரைக்கு 10 ரூபாய்க்கு 22 ரூபாய் என்று காட்டியது. 600 ரூபாயைக் கட்டினார். குதிரை கடைசி இருநூறு மீட்டரில் முன்னுக்கு வந்து ஒன்றரை நீளத்தில் ஜெயித்தது. கவுண்டர் மூடிய பிறகு அறிவித்த தொகை 10 ரூபாய்க்கு 19. அவருக்கு 1,140 ரூபாய் திரும்பியது. “பார்த்தீர்களா?” என்று என் தோளைப் பிடித்தார். அவருடைய முகத்தில் இருந்த மகிழ்ச்சி பணத்துக்கானது அல்ல, தன் வாசிப்பு மெய்யானதற்கானது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அதனாலேயே பின்வருவதை அவரிடம் சொல்வது பிற்பாடு கடினமாக இருந்தது.

டோட்டில் ஒரு பந்தயத்துக்குச் சேரும் மொத்தப் பணத்திலிருந்து கிளப்பின் பங்கும் வரியும் கழிக்கப்பட்டு, மீதி ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு லட்சம் சேர்ந்து இருபதாயிரம் கழிந்தால், எண்பதாயிரம்தான் பிரியும். ஒரு குதிரையின் மேல் 42,000 ரூபாய் விழுந்திருந்தால் பத்து ரூபாய்க்கு 19 ரூபாய் கிடைக்கும். கூட்டம் அந்தக் குதிரைக்கு நூற்றுக்கு 42 என்று மதிப்பெண் போட்டிருக்கிறது என்று பொருள். அந்த விலையில் நட்டமில்லாமல் தப்பிக்கவே நூற்றுக்கு 53 முறை அது ஜெயிக்க வேண்டும். அவர் சொந்தக் கையால் எழுதியது 35. அவருடைய கணிப்பை அப்படியே நம்பினால், அந்த விலையில் கட்டிய ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் நெடுங்காலத்தில் அறுபத்தாறரை ரூபாய்தான் திரும்பியிருக்கும். ஆக, அன்று ஜெயித்த ஒரே பந்தயம்தான் தவறான விலையில் கட்டிய முதல் பெரிய பந்தயமும் ஆயிற்று.

நான்காம், ஐந்தாம் பந்தயங்கள்

நான்காவதில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அவர் 18 கொடுத்திருந்த குதிரைக்குப் பலகையில் 90 ரூபாய் காட்டியது; கூட்டம் அதற்கு நூற்றுக்கு ஒன்பதுதான் கொடுத்திருந்தது. அவருடைய எண் சரியானால், மாலை திட்டமிட்ட 400 ரூபாயைத் தயங்காமல் கட்ட வேண்டிய இடம் அது. ஆனால் “யாருமே போடவில்லையே, ஏதோ இருக்கிறது” என்று சொல்லி அதில் 100 மட்டும் கட்டிவிட்டு, 300 ரூபாயைக் கூட்டம் அதிகம் பணம் கட்டியிருந்த ஃபேவரிட்டின் மேல் மாற்றினார். ஃபேவரிட் நான்காவதாக வந்தது. அவருடைய குதிரை கடைசிவரை போராடி, புகைப்படம் பார்த்துத் தீர்மானிக்கும் அளவுக்கு நெருங்கி, ஒரு தலை வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தது. இரண்டு சீட்டும் போயின. ஜாக்பாட்டும் அத்தோடு சரிந்தது. அன்று அவர் கட்டியவற்றிலேயே சிறந்த முடிவு அந்தத் தோற்ற நூறு ரூபாய்தான் என்று அன்றிரவு நான் குறித்துவைத்தேன். அந்தக் குறிப்பை நானே திருத்த நேர்ந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

ஐந்தாவது 1600 மீட்டர். விலை 46, அவருடைய எண் 30. திட்டமிட்டபடியே 600 கட்டினார். முன்னால் ஓடிய குதிரை வேகத்தைக் குறைத்தே ஓட்டப்பட்டு, கடைசியில் மிச்சமிருந்த தெம்போடு தப்பித்துக்கொண்டது. பின்னாலிருந்து வந்து ஜெயிக்கும் பழக்கமுள்ள அவருடைய குதிரை மூன்றாவதாக முடித்தது. இதில் அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடைசி இரண்டு பந்தயங்கள்

ஐந்தாவது முடிந்தபோது, ஜாக்பாட்டையும் சேர்த்து அவருடைய நட்டம் 900 ரூபாய். தாங்கக்கூடிய தொகை; மொத்தம் கட்டியிருந்ததும் 2,040தான், 3,000 ரூபாய் எல்லைக்குள். ஆனால் அதன் பின் அவர் ரேஸ் புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்பதை நேரத்தோடு குறித்திருக்கிறேன். நாலு மணிநேரமாகக் கையில் விரிந்தே இருந்த புத்தகம் சட்டைப் பையில் மடிந்து கிடந்தது. பார்வை முழுவதும் விலைப் பலகையின் மேல்.

ஆறாவதில் அவருடைய எண் 15. கூட்டம் கொடுத்தது நூற்றுக்கு 21. பலகையில் விலை 38. திட்டமிட்ட 300க்குப் பதில் 1,500 கட்டினார். “இது வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்றார். வரவில்லை. ஏழாவதுக்கு அவர் கவுண்டரை நோக்கி நடந்தபோது பையன் முன்னால் வந்து நின்றான்.

“மாமா, இந்த ரேஸ் வேணாம்னு நீங்கதானே நேத்து எழுதினீங்க?”

“எழுதினேன்டா. நேத்து இவ்வளவு போகலையே.”

அந்தப் பதிலை நான் அப்படியே எழுதிக்கொண்டேன். முதல் இரண்டு குதிரைகளைச் சொல்லும் குயினெல்லா, முதல் மூன்றை வரிசையாகச் சொல்லும் டனாலா என்று 2,000 ரூபாய்க்குச் சீட்டுகள் வாங்கினார். எந்தக் குதிரையையும் ஆராய்ந்து எடுக்கவில்லை, ஓட்டம் தொடங்கும் கேட்டில் நின்ற குதிரைகளின் எண்களைக் கலந்து சொன்னார். ஒன்றும் விழவில்லை. மொத்தம் கட்டியது 5,540, திரும்பியது 1,140, நட்டம் 4,400 ரூபாய். ரயிலில் திரும்பும்போது மூவரும் பேசவில்லை.

கணக்கைப் பிரித்துப் பார்த்ததில்

மூன்று நாள் கழித்து அவர் வீட்டில் இதைப் பரப்பி வைத்தோம். முந்தைய மாலை எழுதியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் நடத்தியிருந்தால் நட்டம் 1,000 ரூபாயாக இருந்திருக்கும். மீதி 3,400 ரூபாய் முழுவதும் மூன்று இடங்களில் போயிருந்தது: முதல் பந்தயத்தின் காதுத் தகவலில் 200, ஆறாவதில் கூட்டிக் கட்டியதில் 1,200, ஏழாவதில் 2,000. மூன்றிலுமே அவருடைய கணிப்புத் திறமைக்கு எந்த வேலையும் இருக்கவில்லை.

தன் எண்ணைவிட விலை நன்றாக இருந்தால் மட்டுமே கட்டுவது என்ற விதியை அன்று கடைப்பிடித்திருந்தாலும், நான்கும் ஐந்தும் தோற்றதால், ஜாக்பாட் இல்லாமலேயே 1,000 ரூபாய் போயிருக்கும்; மூன்றாவதின் வெற்றியும் இருந்திருக்காது. ஒரு நாளின் முடிவைக் கொண்டு எந்த விதியையும் மெய்ப்பிக்க முடியாது என்பதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். எனவே சீசன் முடிவதற்குள்ளும் அடுத்த சீசனிலுமாக இன்னும் எட்டு பந்தய நாட்களுக்குக் கணிப்பு எண்ணையும் கடைசி விலையையும் மட்டும் எழுதுவது, பணம் கட்டினால் நாளுக்கு 300 ரூபாய்க்கு மேல் போகாமல் இருப்பது என்று முடிவு செய்தோம். பணப்பையை மனைவி வைத்துக்கொள்வது என்பதை அவரே முன்மொழிந்தார்.

தொடர்ந்து நடந்தவை

எட்டு நாட்களில் நூற்றுக்கு 30 அல்லது அதற்கு மேல் அவர் கொடுத்த குதிரைகள் 18. ஜெயித்தவை 4. இதைவிட முக்கியமானது வேறொன்று. அந்தப் பதினெட்டில் கூட்டம் அவரைவிடக் குறைவாக மதித்த, அதாவது “நல்ல விலை” கிடைத்த குதிரைகள் 11; அவற்றில் ஜெயித்தது ஒன்றே ஒன்று. எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் அது காட்டிய திசையை எங்களால் ஒதுக்க முடியவில்லை. அவரும் கூட்டமும் முரண்பட்ட இடங்களில் பெரும்பாலும் கூட்டமே உண்மைக்கு அருகில் இருந்தது. அந்தக் கூட்டத்தில் குதிரையைக் காலையில் நேரில் பார்த்தவர்களும் லாயத்துக்கு நெருங்கியவர்களும் இருக்கிறார்கள்; அவர்கள் அறிந்தது விலையில் ஏறிவிடுகிறது. அவர் கையிலிருந்ததோ எல்லோரும் வாங்கும் அதே புத்தகம்.

இங்கேதான் நான்காம் பந்தயத்தைப் பற்றிய என் குறிப்பைத் திருத்தினேன். “சிறந்த முடிவு” என்று நான் எழுதியது அவருடைய 18 என்ற எண் சரி என்று வைத்துக்கொண்டதால் வந்தது. விலையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டால் அவருக்கு வழி பிறக்கும் என்று நான் நம்பியது தவறு. எண்ணே சற்றுத் தூக்கலாக இருக்கும்போது, விலையோடு ஒப்பிடும் பழக்கம் தவறான குதிரைகளையே தேடிக் கொடுக்கும்.

இதைச் சொன்னபோது அவர் நீண்ட நேரம் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாற்பது வருஷமாகக் குதிரை பார்க்கத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்” என்றார். பார்க்கத் தெரியும், சந்தேகமில்லை. உங்களைப் போலவே பார்க்கத் தெரிந்த ஆயிரம் பேரோடு, கழிவும் கொடுத்துப் போட்டியிடுகிறீர்கள் என்று சொன்னேன்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

என் பங்கில் ஒரு பெரிய குறை இருக்கிறது. பார்ப்பவனாக மட்டும் இருப்பது என்று நான் ஒப்புக்கொண்டிருந்ததால் ஏழாவது பந்தயத்துக்கு முன் வாய் திறக்கவில்லை. இருபது வயதுப் பையன் கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். ஆறாவதற்குக் கட்டியபோதே மொத்தம் 3,540 ஆகி எல்லையைத் தாண்டியிருந்தது. அதை நான் கூட்டி எழுதிக்கொண்டேனே தவிர அவரிடம் சொல்லவில்லை. இன்னொருவருடன் இப்படிப் போக நேர்ந்தால், எல்லையைத் தொட்டதும் பதிவு செய்பவர் பேசியாக வேண்டும் என்பதை முந்தைய மாலையே எழுதி இருவரும் கையெழுத்திட வைப்பேன். கட்டிய தொகை, திரும்பிய தொகை, வரி போக நிகரம் ஆகிய மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுத வைப்பேன். “போச்சு” என்ற சொல்லுக்கு நோட்டில் இடம் இருக்காது.

இந்த நிகழ்வுக்குப் பிறகு சூழல் வெகுவாக மாறியிருக்கிறது. 2017 ஜூலை முதல் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். 2024 செப்டம்பரில் தமிழக அரசு கிண்டி மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. கட்டுபவருக்குத் திரும்பும் பங்கு அன்றைவிட இன்று இன்னும் சுருங்கியிருப்பதால், மேலே காட்டிய 53 என்ற எண்ணை இன்று படிப்பவர்கள் குறைந்தபட்சமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடைத்த வைப்புத்தொகையை அவரால் மீண்டும் போட முடியவில்லை. ஆனால் வேறு எதையும் உடைக்கவில்லை. நான் கடைசியாகப் பார்த்த நோட்டுப் பக்கத்தில் ஏழு பந்தயங்களுக்கும் கணிப்பு எண்கள் இருந்தன. ஆறுக்கு எதிரே கட்டிய தொகை சுழியம், ஒன்றுக்கு எதிரே 100, திரும்பியது இல்லை. எல்லாம் ஒரே நீல மையில் இருந்தது. கீழே கூட்டலுக்கு அருகில் அவருடைய மனைவி கையெழுத்துப் போட்டிருந்தார்.